ஆஸ்கியில் முதல் வரிசை, வார்டில் தடுமாற்றம்: ஒரு பயிற்சி மருத்துவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பொது மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சியின் முதல் ஆண்டில் இருந்த ஒரு மருத்துவரைப் பற்றியது இது. எழுத்துத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். மணி அடிக்க அடிக்க நிலையம் நிலையமாக நகர்ந்து செய்து காட்டும் ஆஸ்கி தேர்வில் தன் அணியின் முதல் சில இடங்களுக்குள் வந்தவர். அவர் வார்டுக்கு வந்து அரையாண்டு ஆனதும் துறைக்குள் ஒரு கேள்வி எழுந்தது: இவரை இரவுப் பணியில் தனியாக விடலாமா?

அடையாளம் தெரியக்கூடாது என்பதால் விவரங்களை மாற்றியிருக்கிறேன். உண்மையில் இவர் ஒரே ஆளும் அல்ல. மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்த எவரும் சந்தித்திருக்கக்கூடிய சிலரைச் சேர்த்து எழுதப்பட்டவர். நோயாளியின் விவரங்களும் அப்படித்தான். அவர் எப்படித் தடுமாறினார் என்பதை மட்டும் மாற்றவில்லை.

கோப்பில் ஒன்று, பேச்சில் ஒன்று

முதலில் கோப்பைத் திறந்தோம். ஒவ்வொரு பிரிவிலும் பணி முடிந்தபோது நிரப்பிய படிவங்கள் ஒழுங்காக இருந்தன. ஒன்பது புள்ளி அளவுகோலில் எல்லாக் கட்டங்களிலும் ஆறு அல்லது ஏழு. நோயின் வரலாறு கேட்பதில் ஆறு, பரிசோதனையில் ஆறு, முடிவெடுப்பதில் ஆறு, பண்பில் ஏழு. குறிப்புக்கான இடத்தில் 'நன்று, இன்னும் படிக்கவும்' என்று இருந்தது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒருவரைத் திருத்தவும் முடியாது, தேர்ச்சி இல்லை என்று சொல்லவும் முடியாது.

கட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே எண் விழுவதற்குக் காரணம் புதிதல்ல. ஓர் ஆளைப் பற்றிய பொதுவான அபிப்பிராயம் அவருடைய ஒவ்வொரு தனித்தனிக் குணத்துக்கும் போடும் மதிப்பெண்ணில் கசிந்துவிடும் என்று உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே எழுதிவிட்டார். நல்ல பிள்ளை, நேரத்துக்கு வருகிறார், மரியாதையாகப் பேசுகிறார் என்றால் முடிவெடுக்கும் திறனுக்கும் ஆறு விழுந்துவிடும்.

பேச்சில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. "கேஸ் சொல்ல ஆரம்பிச்சா முடியவே முடியாது" என்றார் ஓர் ஆசிரியர். இன்னொருவர், "எல்லாத்தையும் கேட்டிருப்பார். ஆனா என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டா பதில் வராது" என்றார். இருப்பதிலேயே துல்லியமாகச் சொன்னவர் இரவுப் பணியில் இருந்த மூத்த செவிலியர்: "கூப்பிட்டா உடனே வந்துடுவார் சார். குறையே சொல்ல முடியாது. ஆனா வந்தப்புறம் என்ன செய்யலாம்னு சொல்ல ரொம்ப நேரமாகும். அதனால அவசரம்னா நாங்க நேரா சீனியரைக் கூப்பிட்டுடுவோம்." இதை யாரும் அவரிடம் எழுத்தில் கேட்டதில்லை. செவிலியரின் கருத்துக்கு அப்போது எங்கள் படிவத்தில் இடமே இருக்கவில்லை.

ஆசிரியர்கள் தெரிந்தும் ஏன் எழுதவில்லை? கனடாவின் ஒட்டாவாவில் நான்சி டூடெக்கும் அவருடைய சகாக்களும் மருத்துவப் பயிற்சி ஆசிரியர்களிடம் இதே கேள்வியைப் போட்டு 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திறமை குறைந்தவரைத் தேர்ச்சி இல்லை என்று எழுதத் தயங்குவதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் நான்கு: கையில் எழுத்துப் பதிவு இல்லை, எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தெரியவில்லை, மேல்முறையீடு வரும் என்ற பயம், தேர்ச்சி இல்லை என்று எழுதினால் அடுத்து அவருக்கு உதவ ஒரு வழி இல்லை. எங்கள் கோப்பில் நான்கும் இருந்தன. கடைசிக் காரணம்தான் பலருக்கும் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். ஒருவரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுத் திரும்பி நடக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

காரணத்தைத் தேடியது

வார்டில் தடுமாறும் மருத்துவரைப் பார்த்ததும் 'படிப்பு போதாது' என்றோ 'ஆர்வம் இல்லை' என்றோ முத்திரை குத்திவிடுவது எளிது. இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு வரிசையாகப் பார்த்தோம். அறிவுக் குறைபாடு இல்லை என்பதற்கு எழுத்துத் தேர்வுகளே சாட்சி. தூக்கமின்மை, மனச்சோர்வு, வீட்டுப் பிரச்சினை ஏதாவது உண்டா என்று பேச, அவருக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லாத ஒருவரை அனுப்பினோம். இது முக்கியம். மதிப்பெண் போடுபவரிடம் யாரும் தன் உடம்பு சரியில்லை என்று மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள். களைப்பு இருந்தது, பயம் இருந்தது, நோய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நடத்தையிலும் குறை கிடையாது. வேலைப்பளு மற்றவர்களுக்கு இருந்த அளவுதான்.

மிச்சம் இருந்தது அவர் யோசிக்கும் விதம். அதைப் பற்றி எங்களிடம் ஒரு தகவலும் இல்லை. ஏனென்றால் அந்த அரையாண்டில் அவர் ஒரு நோயாளியிடம் பேசுவதை முதலிலிருந்து கடைசிவரை யாரும் உட்கார்ந்து பார்த்திருக்கவில்லை. காலை ரவுண்ட்ஸில் அவர் சொல்லும் கேஸைக் கேட்டுத்தான் எல்லோரும் மதிப்பிட்டிருந்தார்கள்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், செய்கிறார். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் எம்.சி.க்யூ தேர்வு முதல் படியை அளக்கும். ஆஸ்கி மூன்றாம் படியை அளக்கும். நான்காவது படி வார்டில் மட்டும்தான் நடக்கும். அங்கே யாராவது போய்ப் பார்த்தால் தவிர அது தெரியாது.

அந்த இருபது நிமிடம்

ஒரு மூத்த ஆசிரியர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேசக் கூடாது, குறுக்கிடக் கூடாது என்பது ஏற்பாடு. நோயாளி அறுபதைத் தாண்டியவர். மூச்சு வாங்குகிறது என்று அன்று காலைதான் சேர்ந்திருந்தார்.

பயிற்சி மருத்துவர் தன் பெயரைச் சொன்னார், நோயாளியின் பெயரைக் கேட்டார், பேசலாமா என்று அனுமதி வாங்கினார். எல்லாம் அழகாகப் போனது. அப்புறம்:

"எத்தனை நாளா மூச்சு வாங்குது ஐயா?"

"ரெண்டு வாரமா டாக்டர். படுத்தா ஜாஸ்தியாகுது. எழுந்து உக்காந்தாதான் தேவலை."

"சரி. இருமல் இருக்கா? சளி வருதா? சளியில ரத்தம் வந்துச்சா?"

நோயாளி கிட்டத்தட்ட நோயின் பெயரையே சொல்லிவிட்டார். படுத்தால் மூச்சு முட்டுவதும் உட்கார்ந்தால் தணிவதும் வேறு சில நிலைகளிலும் வரும் என்றாலும், இந்த வயதில் முதலில் இதயச் செயலிழப்பை நினைக்க வைக்கும் வரி அது. அங்கிருந்து அடுத்த கேள்விகள் தாமாக வர வேண்டும்: இரவில் தூக்கத்திலிருந்து மூச்சுத் திணறி எழுந்தீர்களா, எத்தனை தலையணை வைக்கிறீர்கள், கால் வீங்குகிறதா, முன்பு நெஞ்சு வலி வந்ததா, ஏதாவது மாத்திரையை நிறுத்தினீர்களா. இவருடைய கேள்விகள் வேறு வரிசையில் போயின. இருமல், காய்ச்சல், எடை குறைந்ததா, காசநோய் இருந்தவர்களோடு பழக்கம் உண்டா, ஒவ்வாமை, குடும்ப வரலாறு. கால் வீக்கத்தையும் கேட்டார், ஆனால் ஏறக்குறைய முடிக்கும் நேரத்தில், அதுவும் பட்டியலில் அது அங்கே இருந்ததால். வீங்குகிறது என்று பதில் வந்தது. எழுதிக்கொண்டு புகைப் பழக்கத்துக்குப் போய்விட்டார். பரிசோதனையில், இதயச் செயலிழப்பில் புடைத்துத் தெரியும் கழுத்துச் சிரையைப் பார்த்தார், ஆனால் அரை நொடி. நோயாளியை 45 பாகைச் சாய்வில் படுக்கவைக்கவில்லை.

பிறகு கேஸ் சொன்னார். வருகைப் பதிவேடு வாசிப்பது போல எல்லாத் தகவலும் ஒரே குரலில் வந்தது. முடிவில் ஆறு நோய்களைச் சொன்னார்: ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, நிமோனியா, காசநோய், ரத்தசோகை, இதயச் செயலிழப்பு. ஆறுக்கும் ஒரே எடை.

ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படுத்தா ஜாஸ்தியாகுதுன்னு அவர் சொன்னப்போ உங்க மனசுல என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலை சார். அடுத்த கேள்வி என்னன்னு ஞாபகப்படுத்திட்டு இருந்தேன்."

எங்கள் கோப்பில் இருந்த அத்தனை படிவங்களையும் சேர்த்தாலும் இந்தப் பதில் சொன்ன அளவுக்கு அவை எதையும் சொல்லவில்லை.

தேர்வு எதைக் கற்றுக்கொடுத்தது

மூச்சுத் திணறலுக்கான பழைய ஆஸ்கி நிலையத்தின் மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தோம். தன்னை அறிமுகம் செய்தார், ஒரு மதிப்பெண். எத்தனை நாளாக என்று கேட்டார், ஒரு மதிப்பெண். படுத்தால் அதிகமாகிறதா என்று கேட்டார், ஒரு மதிப்பெண். ஒவ்வாமை கேட்டார், ஒரு மதிப்பெண். இப்படியே தாள் கீழே போகிறது. கேள்வியைக் கேட்டதற்கு மதிப்பெண் உண்டு. பதிலை வைத்து என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நேரமும் குறைவு, மணி அடித்துவிடும். அப்படியிருக்க, ஒரு புத்திசாலி மாணவர் என்ன செய்வார்? பதிலைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அவர் அதைத்தான் ஆண்டுக்கணக்கில் பழகியிருந்தார். நாங்கள் மதிப்பெண் கொடுத்து ஊக்குவித்த பழக்கத்தைத்தான் அவர் வார்டுக்குக் கொண்டுவந்தார்.

இது எங்கள் தாளுக்கு மட்டும் உள்ள கோளாறு அல்ல. பிரையன் ஹாட்ஜஸும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், அனுபவமுள்ள மருத்துவர்கள் மூன்று தரப்பையும் ஒரே மனநல மருத்துவ ஆஸ்கியில் உட்காரவைத்தார்கள். ஒட்டுமொத்த மதிப்பீட்டில் அனுபவசாலிகள் முன்னால் வந்தார்கள். சரிபார்ப்புப் பட்டியலில் மற்ற இரு தரப்பையும்விடக் குறைவாக வாங்கினார்கள். அனுபவசாலி பட்டியலை முழுதாகக் கேட்பதில்லை. நான்காவது கேள்வியிலேயே திசை தெரிந்துவிட்டால் அந்தத் திசையில் போய்விடுவார். பட்டியல் அதைக் குறையாகக் கணக்கு வைக்கும்.

மருத்துவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஆர்தர் எல்ஸ்டீன் குழுவினரின் 1978-ஆம் ஆண்டு நூலும் இதோடு பொருந்துகிறது. நோயாளி பேசத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே மருத்துவர் மனதில் சில ஊகங்கள் உருவாகிவிடுகின்றன, பிறகு கேட்கும் கேள்விகள் அவற்றைச் சோதிக்கவே என்பது அவர்கள் கண்டது. ஒரு நோயாளியிடம் நன்றாகச் செய்தவர் அடுத்தவரிடமும் நன்றாகச் செய்வார் என்று நம்ப முடியாது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்லும் ஒரே ஒரு லாங் கேஸை வைத்து ஒருவரின் தலைவிதியை எழுதும் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய எதிர்வாதம் வேண்டாம்.

அதற்காகப் பட்டியலைத் தூக்கி எறி என்று சொல்ல வரவில்லை. ஸ்காட்லாந்தின் டன்டீயில் இருந்த ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975-இல் ஆஸ்கியைக் கொண்டுவந்தபோது அதற்குத் தேவை இருந்தது. அதற்கு முன் ஒருவருக்கு எளிய நோயாளி, இன்னொருவருக்குச் சிக்கலான நோயாளி, ஒருவருக்குச் சிரிக்கும் தேர்வாளர், இன்னொருவருக்குக் கடுகடுப்பவர் என்று முழுக்க அதிர்ஷ்டம். எல்லோருக்கும் ஒரே நோயாளி, ஒரே கேள்வித்தாள் என்பது பெரிய நியாயம். ரத்தம் ஏற்றும் முன் சரிபார்ப்பது போன்ற வேலைகளில் ஒரு படி விட்டாலும் ஆபத்து. அங்கே பட்டியல்தான் சரி. முதலாம் ஆண்டு மாணவர் எதையும் விட்டுவிடாமல் கேட்கப் பழகவும் அது உதவும். தேர்ந்த மருத்துவரின் முடிவெடுக்கும் திறனை அதைக் கொண்டே அளக்கப் போகும்போதுதான் சிக்கல்.

சரிசெய்யும் முயற்சி

திட்டம் எளிமையானது. நோயாளியின் முதல் சில வாக்கியங்கள் முடிந்ததும் மனதுக்குள் நிறுத்த வேண்டும். இரண்டு நோய்களின் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அடுத்த கேள்வி அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதாக இருக்க வேண்டும். கேஸ் சொல்லும்போது ஆறு நோய் வேண்டாம், இரண்டோ மூன்றோ போதும். ஏன் இது, ஏன் அது இல்லை என்று சொல்ல வேண்டும். தெரியாததை அவரே கேட்க வேண்டும். ஸ்னாப்ஸ் என்ற பெயரில் 2003-லிருந்து புழங்கும் கேஸ் சொல்லும் முறையின் சுருக்கம்தான் இது.

வாரத்தில் சில தடவை, வெவ்வேறு ஆசிரியர்கள், வெவ்வேறு நோயாளிகளிடம் அவர் பேசுவதை உட்கார்ந்து பார்த்தார்கள். ஜான் நார்சினி அமெரிக்க உள்மருத்துவ வாரியத்தில் உருவாக்கிய மினி சி.இ.எக்ஸ் வடிவம்தான் இதற்கும்: கால் மணி, இருபது நிமிடம் கவனிப்பு, உடனே சில நிமிடம் பேச்சு. இந்தப் படிவங்கள் மாதக் கடைசியில் கட்டாக வந்து, "சார், இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்று நிற்கும் காட்சி இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைத் தவிர்க்க எண்களை எடுத்துவிட்டோம். பார்த்தது என்ன, அவரிடம் சொன்னது என்ன, அடுத்த முறை மாற்ற வேண்டிய ஒன்று என்ன, இந்த மூன்றையும் அங்கேயே எழுத வேண்டும்.

பின்னூட்டம் என்றாலே நல்லதுதான் என்று நினைப்பவர்கள் ஆய்வாளர்கள் க்ளூகரும் டினிசியும் 1996-இல் பல ஆய்வுகளைத் திரட்டி எழுதியதைப் பார்க்க வேண்டும். பின்னூட்டம் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சமயங்களில் செயல்திறன் குறைந்திருந்தது. கவனத்தை வேலையிலிருந்து ஆளின் மேல் திருப்பும்போது அதன் பலன் போய்விடுகிறது. 'உங்களுக்குத் தன்னம்பிக்கை போதாது' என்று ஓர் ஆசிரியர் எழுதிய தாள் இவருக்கு ஒரு வாரத்தைக் கெடுத்தது. 'கால் வீக்கம் உண்டு என்று பதில் வந்ததும் புகைப் பழக்கத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த இடத்தில் நின்று கழுத்துச் சிரையைப் பாருங்கள்' என்று இன்னொருவர் எழுதியது அடுத்த நாளே பலித்தது.

முதல் சில வாரங்களில் அவர் மோசமானார். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நிறுத்தி யோசிக்கப் போனதில் வேகம் குறைந்தது, பழைய வரிசை கலைந்து, மருந்து ஒவ்வாமையை ஒருமுறை கேட்காமலே விட்டார். 'பின்னடைவு' என்று ஒருவர் எழுதினார். நிறுத்திவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. வரிசையாகக் கேட்பது அவருக்குத் தானாக வந்த பழக்கம். அதைக் கலைத்தால் கொஞ்ச காலம் இரண்டும் இல்லாமல்தான் இருக்கும் என்று சொல்லித் தொடர்ந்தோம். பாதுகாப்புக்காக, சேர்க்கைக் குறிப்பு எழுதி முடித்த பின் பழைய பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். பட்டியலுக்கு அதுதான் சரியான இடம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

குழுவின் முடிவு

இரண்டு மாதம் கழித்துக் குழு கூடியது. மேஜையில் இப்போது பல கைகளால் எழுதப்பட்ட தாள்கள் இருந்தன. செவிலியர்களின் கருத்தும் இருந்தது. ஒரு தாளை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு கவனிப்பும் கற்பதற்கானது. போதுமான அளவு சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துக் குழு தீர்மானிக்கும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டைச் சேர்ந்த வான் டெர் ஃப்ளூட்டனும் ஷூவர்த்தும் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வழி இதுவே.

தேர்ச்சியா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியை விட்டுவிட்டு, எந்த வேலையை எந்த அளவு மேற்பார்வையில் இவரிடம் ஒப்படைக்கலாம் என்று கேட்டோம். உட்ரெக்ட்டின் ஓலே டென் காட்டே 2005-இல் முன்வைத்த யோசனை இது. பார்த்துக்கொண்டிருக்கலாம், அருகில் ஆசிரியர் இருக்கச் செய்யலாம், கூப்பிட்டால் வரும் தூரத்தில் ஆசிரியர் இருந்தால் போதும், தனியாகச் செய்யலாம், மற்றவர்களை மேற்பார்க்கலாம் என்று ஐந்து நிலைகள். நாட்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்ப்பதில் இவருக்கு நான்காம் நிலை கிடைத்தது. வழக்கமான வார்டு சேர்க்கையில் மூன்று. நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு வருபவரை முதலில் கையாள்வதில் இரண்டு. அதாவது சீனியர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். தனி இரவுப் பணி தள்ளிவைக்கப்பட்டது.

அவர் இதை எதிர்த்து எழுதினார். எழுத உரிமை உண்டு. மேல்முறையீட்டைப் பார்த்தவர்கள் தாள்களைப் படித்துவிட்டு முடிவை மாற்றவில்லை. டூடெக்கின் ஆசிரியர்கள் பயந்த அந்தக் கட்டம் இங்கே சீக்கிரமே முடிந்தது. தேதியோடு, நடந்ததை நடந்தபடி எழுதிய பதிவு இருந்ததுதான் காரணம். அடுத்த காலாண்டில் அவசரப் பிரிவில் கூடுதல் பணி கொடுத்து மறுபடி பார்த்தபோது மூன்றாம் நிலைக்கு வந்தார். நான்கு இன்னும் வரவில்லை. கூட்டம் அதிகமாகும் நேரங்களில் பழைய வரிசைக் கேள்விகள் திரும்பி வருகின்றன என்று கடைசித் தாளிலும் எழுதியிருக்கிறது.

தேர்வுத் தாள்கள்

ஆஸ்கி நிலையங்களைத் திருத்தி எழுதத் தொடங்கியிருக்கிறோம். மூச்சுத் திணறல் நிலையத்தில் மதிப்பெண் வரிகளைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, தவறினால் நோயாளிக்குக் கேடு வரும் படிகளை மட்டும் வைத்தோம். நடுவில் ஒரு பதில் வந்ததும் கேள்விகளின் திசை மாறியதா என்பதற்குத் தனி மதிப்பெண். கடைசியில் தேர்வாளரின் ஒட்டுமொத்த மதிப்பீடு. தேர்ச்சி மதிப்பெண்ணை முன்கூட்டியே ஐம்பது சதவீதம் என்று வைக்காமல், 'எல்லைக்கோட்டில் இருக்கிறார்' என்று தேர்வாளர்கள் கருதியவர்கள் எடுத்த மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடுகிறோம்.

ஒட்டுமொத்த மதிப்பீடு என்றதும் ஆட்சேபம் வந்தது: அது தேர்வாளரின் சொந்த அபிப்பிராயம்தானே? ஆமாம். ஆனால் ஒருவரின் அபிப்பிராயத்தை நம்பக் கூடாது என்பதற்கு மருந்து பலரின் அபிப்பிராயத்தைக் கேட்பது. பத்துப் பன்னிரண்டு நிலையங்களில் பத்துப் பன்னிரண்டு தேர்வாளர்கள் தனித்தனியே மதிப்பிட்டால் ஒருவரின் கடுமையும் இன்னொருவரின் தாராளமும் பெருமளவு அடிபட்டுப் போகும். ஒரே நிலையத்தில் நீளமான பட்டியலை வைப்பதால் அந்த நம்பகத்தன்மை வராது. துறையில் பாதிப் பேர் இதை ஏற்றுக்கொண்டார்கள். மீதிப் பேர் முதல் தேர்வின் எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

நிலையங்களில் ஏறக்குறைய பாதி இன்னும் பழைய தாளோடுதான் ஓடுகின்றன. ஒரு நிலையத்தை உருப்படியாக எழுதி, நோயாளியாக நடிப்பவரைப் பழக்கி, ஒத்திகை பார்க்க ஆசிரியர்களின் நேரம் வேண்டும். ரவுண்ட்ஸும் புறநோயாளிப் பிரிவும் அதற்கு விடுவதில்லை. அடுத்த அணியின் தேர்வுக்குள் எல்லாம் முடியாது என்பதால், திருத்தாத நிலையங்களில் ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு ஒரு கட்டத்தையும், செவிலியர் கருத்துக்கென வார்டு படிவத்தில் இரண்டு வரிகளையும் இப்போதைக்குச் சேர்த்திருக்கிறோம்.